மரபுரிமை என்பது வாப்பாவின் காணி இல்லை

ஊர் உறவுகளுக்கும், எங்கள் மாணவர்களின் பெற்றோருக்கும், டியூஷன் நடத்தும் சகோதர சகோதரிகளுக்கும் எழுதுவது.

இது கொஞ்சம் நீண்ட பதிவு. கணினிப் பாடம் பற்றியது. "உது எங்களுக்கு விளங்காது" என்று தள்ளிவிட்டுப் போகவேண்டாம். பஸ்ஸில் போய்வரத் தெரிந்த யாருக்கும் விளங்கும்படிதான் எழுதியிருக்கிறோம். கடைசிவரை வாசித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

சென்ற தவணை உயர்தர வகுப்பில் பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் பற்றிப் பேச்சு வந்தது. "மரபுரிமை என்றால் என்ன?" என்று கேட்டோம். பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள்: "தந்தையின் சொத்து மகனுக்குப் போவதுபோல, ஒரு வகுப்பின் பண்புகளும் முறைகளும் இன்னொரு வகுப்புக்குப் போவது." ஒரு சொல் பிசகவில்லை. எல்லா நோட்டிலும் அதே வசனம். பின்வாங்கிலிருந்த ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், எங்கட வாப்பாட காணி தொண்ணூறோட போயிட்டுது. அப்ப எனக்கு என்ன வரும்?"

வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். எங்களுக்குத்தான் உடனே பதில் வரவில்லை.

1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றியதை இந்த ஊருக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. சோனகத்தெருவில், ஐந்துசந்தியைச் சுற்றி, உறுதி தொலைந்த கதையும் புத்தளத்து முகாம் கதையும் இல்லாத வீடு குறைவு. அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் "வாப்பாவின் சொத்து மகனுக்கு வருவதுதான் மரபுரிமை" என்று எழுதச் சொன்னால் அவள் வேறு என்னத்தைக் கேட்பாள்? அவள் கேள்வியில் பிழை இல்லை. நாங்கள் எழுதிக்கொடுத்த வசனத்தில்தான் பிழை. மனம் நோகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கணினி அறிவின்படியே அது பிழை.

நாங்களும் இதற்கு உடந்தை. கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கும் இதே வசனத்தைத்தான் சொல்லித் தந்தார்கள். நாங்களும் பாடமாக்கி, எழுதி, புள்ளி எடுத்து, அப்படியே பிள்ளைகளின் தலையில் இறக்கினோம். ஆகவே இந்தப் பதிவின் முதல் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நாங்கள்தான்.

சொத்து உவமை எங்கே உடைகிறது?

மரபுரிமை என்ற சொல் இந்த மண்ணில் சும்மா வந்து விழுவதில்லை. அயலில் இருக்கும் தமிழ்ச் சகோதரர்களுக்குத் தேசவழமை இருக்கிறது. ஒல்லாந்தர் 1700களின் தொடக்கத்தில் எழுத்தில் தொகுத்த சட்டம்; முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகைபிரிக்கும். எங்களுக்கு ஷரீஅத்தின் பங்குக் கணக்கு. 1931 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று அதை நாட்டின் சட்டமாக ஏற்றிருக்கிறது. சொத்துரிமை என்றால் என்னவென்று இரண்டு பக்கத்துப் பிள்ளைக்கும் வீட்டிலேயே தெரியும். தெரிந்ததனால்தான் பாடம் பிழைத்துப்போகிறது.

ஒன்று: சொத்தைப் பங்குபோட்டால் குறையும். நாலு பரப்புக் காணி எட்டுப் பேருக்குப் போனால் ஆளுக்கு அரைப் பரப்பு. வகுப்பு மரபுரிமையில் பங்கு என்பதே இல்லை. ஒரு பெற்றோர் வகுப்பிலிருந்து நூறு பிள்ளை வகுப்புகள் வந்தாலும் நூற்றுக்கும் எல்லா முறைகளும் முழுசாகக் கிடைக்கும். பெற்றோர் வகுப்பிலிருந்து ஒரு எழுத்தும் குறையாது.

இரண்டு: எங்கள் பங்குக் கணக்கு தொடங்குவது மௌத்துக்குப் பிறகு. பெற்றோர் வகுப்போ உயிருடன் அங்கேயே இருக்கிறது. நாளைக்கு அதில் ஒரு திருத்தம் செய்தால் பிள்ளை வகுப்புகளிலும் அது தெரியும். உலகத்தில் எந்த உறுதியும் இப்படி வேலை செய்யாது.

மூன்று: மகன் தந்தையின் ஒரு வகை இல்லை. அவன் வேறு ஆள். ஆனால் பிள்ளை வகுப்பு என்பது பெற்றோர் வகுப்பின் ஒரு வகை. மாணவர் பயணிகளில் ஒரு வகை. வீச்சுவலை வலைகளில் ஒரு வகை. "இது அதில் ஒரு வகையா?" என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால்தான் மரபுரிமை. பஸ்ஸில் எஞ்சின் இருக்கிறது. அதற்காக பஸ் எஞ்சினின் ஒரு வகை ஆகாது. சொத்துக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. அவன் பஸ்ஸை எஞ்சினின் பிள்ளை ஆக்கிவிட்டு வருவான். நாங்கள் திருத்திய விடைத்தாள்களிலேயே கண்டிருக்கிறோம்.

நான்கு, மிக மோசமானது: சொத்து ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குப் போவது. செய்நிரலில் மரபுரிமை வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் உள்ளது. பொருளுக்கும் பொருளுக்கும் இடையில் இல்லை. ஒரு பயணியின் பையில் 500 ரூபா இருந்தால் அது எந்த மாணவரின் பைக்கும் போகாது. பயணி என்ற வகுப்பு சொல்வது "பயணி என்றால் இன்னின்ன விபரம் இருக்கும், இன்னின்ன செய்யத் தெரியும்" என்பதைத்தான். கைமாறுவது பணமோ காணியோ இல்லை. "எனக்குத் தெரியாததை மேலே கேள்" என்ற ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான்.

அந்த மாணவிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: "மகள், இதில் காணியும் இல்லை, பங்கும் இல்லை, மகன் மகள் என்ற கணக்கும் இல்லை. நீ கேட்டது இதைப் பற்றியே இல்லை. நாங்கள்தான் உன்னைப் பிழையான வழியில் அனுப்பிவிட்டோம்."

பஸ்ஸில் ஏறுவோம்

சரி, உவமை இல்லாமல் படிப்பிக்க முடியுமா? முடியாது. சரியான உவமை வேண்டும்.

வகுப்பு மரபுரிமை பிறந்தது நோர்வேயில். ஒஸ்லோவிலிருந்த நோர்வே கணிப்பு நிலையத்தில் ஓலே யொஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமியுலா 67 என்ற மொழியில்தான் வகுப்பு, உபவகுப்பு என்பவையெல்லாம் முதலில் வந்தன. 2001 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது அதற்காகவே அவர்களுக்குக் கிடைத்தது. அவர்களின் தலையை உடைத்த உதாரணங்களில் ஒன்று பாலத்துச் சுங்கச்சாவடி: வரிசையில் நிற்பவை எல்லாம் வாகனங்கள், ஆனால் சில லொறி, சில பஸ். பொதுவானதை ஒரு தரம் எழுதி, வேறுபடுவதை மட்டும் தனியே எழுதுவது எப்படி என்பதுதான் கேள்வி. யாருடைய தந்தையின் காணியும் அங்கே பேச்சில் இல்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்துப் பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். கட்டணங்கள் உதாரணத்துக்கு மட்டும்.

பயணி என்று ஒரு வகுப்பு. அதில் இரண்டு முறைகள்:
• கட்டணம்: 100 என்று பதில் தரும்.
• ரசீது: தன்னிடமே "உன் கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டு, வரும் தொகையைத் துண்டில் எழுதும்.

சிறுவர் என்று ஒரு வகுப்பு. பயணியின் பிள்ளை வகுப்பு. அதில் கட்டணம் என்ற முறை மட்டும் மீண்டும் வருகிறது: மேலே பயணியின் கட்டணத்தைக் கேட்டு, இரண்டால் வகுத்துத் தரும்.

மாணவர் என்று ஒரு வகுப்பு. அதுவும் பயணியின் பிள்ளை வகுப்பு. பருவகாலச் சீட்டு இருப்பதால் கட்டணம் 0 என்று தரும்.

இப்போது கொண்டக்டர் வருகிறார். அவர் ஒவ்வொருவரிடமும் "நீ யார், என்ன வகை?" என்று விசாரிப்பதில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்வி: "கட்டணம்?" பெரியவர் 100 என்கிறார். சிறுவர் 50 என்கிறார். மாணவர் 0. மொத்தம் 150. கேள்வி ஒன்று, பதில் ஆளுக்கு ஆள் வேறு. எந்தப் பதில் வரும் என்பதைத் தீர்மானிப்பது கேட்கிற ஆள் இல்லை, முன்னால் நிற்கிற பொருள். நோட்டுகளில் "மேலெழுதல்" என்று இருப்பது இதைத்தான்.

அந்தச் சொல்லும் பிள்ளைகளைக் குழப்புகிறது. மேலே எழுதினால் கீழே இருந்தது அழியும் என்றுதான் எந்தப் பிள்ளையும் நினைக்கும். அழியவில்லை. பயணியின் கட்டணம் பத்திரமாக இருக்கிறது. சிறுவர் அதைத்தானே கேட்டு வாங்கிப் பாதியாக்குகிறார்? பைதனில் சூப்பர் என்ற சொல்லால் அப்படிக் கேட்கலாம். நாளைக்குப் பஸ் கட்டணம் 120 ஆனால் பயணி வகுப்பில் ஒரே ஒரு இடத்தைத் திருத்தினால் போதும். சிறுவர் தானாக 60 ஆகிவிடும். "மீள வரையறுத்தல்" என்று சொல்லுங்கள். பிள்ளை வகுப்பு தனக்காக அந்த முறையை மீள வரையறுக்கிறது. பெற்றோருடையது பெற்றோரிடமே இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி போதும்

விளங்கியவரையும் பாடமாக்கியவரையும் பிரிக்க ஒரு கேள்வி இருக்கிறது. ரசீது என்ற முறை பயணி வகுப்பில் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சிறுவரிடம் ரசீது கேட்டால் துண்டில் 100 வருமா, 50 வருமா?

எங்கள் வகுப்பில் வரைவிலக்கணத்தை வரி பிசகாமல் சொன்ன பிள்ளைகளில் பெரும்பாலானோர் 100 என்றார்கள். "ரசீது பயணியிலதானே இருக்கு, அப்ப பயணிட கட்டணம்தானே வரும்." நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இயக்கிப் பார்த்தால் 50. ஏனென்றால் ரசீது "உன் கட்டணம்" என்று கேட்பது தன்னிடம். அந்தத் "தான்" இப்போது சிறுவர். தேடல் சிறுவரிடமிருந்து தொடங்கும். அங்கே இல்லாவிட்டால்தான் மேலே போகும். பெற்றோர் வகுப்பில் எழுதிய வரி, பின்னால் வந்த பிள்ளை வகுப்பின் முறையைக் கூப்பிடுகிறது. பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தின் முழு உயிரும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் நோட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஜாவாவிலும் இதே பதில்தான். சீ பிளஸ் பிளஸ் மொழியில் பெற்றோர் வகுப்பில் வேர்ச்சுவல் என்று எழுதாவிட்டால் 100 வரும். இந்த வித்தியாசத்தைப் பாடமாக்க முடியாது, காணத்தான் முடியும்.

எங்களிடம் படித்த பிள்ளை ஒருவர். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு. மேற்படிப்புக்கான நேர்முகம் ஒன்றில் ஏறக்குறைய இதே கேள்வி வந்தது. அவர் சொத்து வசனத்தைச் சொன்னார். திரும்பி வந்து எங்களிடம் கேட்டார்: "நீங்க சொல்லித் தந்ததத்தானே சொன்னேன்?" அந்தக் கேள்வி இன்னும் எங்களைக் குத்துகிறது. இந்தப் பதிவு அதனால்தான்.

இரண்டு பொறிகள்

முதலாவது, எழுத்துப்பிழை. பைதன் 3, 2008 இல் வெளியானதிலிருந்து வகுப்புக்கும் முறைக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கிளாஸ், டெஃப் போன்ற சில கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். நாங்கள் அப்படித்தான் எழுதவைத்தோம். ஒரு மாணவன் மாணவர் வகுப்பில் கட்டணம் என்பதற்குக் கட்டனம் என்று எழுதிவிட்டான். பைதன் ஒரு பிழையும் சொல்லவில்லை. அதற்குக் கட்டனம் என்பது இன்னொரு புது முறை. கொண்டக்டர் கட்டணம் என்று கேட்டபோது மாணவரிடம் அது இல்லை. மேலே போய்ப் பயணியின் 100 வந்தது. மொத்தம் 150க்குப் பதில் 250. பருவகாலச் சீட்டு வைத்திருந்தும் பாவம் முழுக் கட்டணம்! ஒரு ணகரத்தால் வந்த வினை. இந்தத் தொல்லை உலகத்தில் எல்லாருக்கும் இருந்ததால்தான் 2004 இல் வந்த ஜாவா 5, "இது மேலிருப்பதன் மீள வரையறுப்பு" என்று அடையாளமிடும் வசதியைத் தந்தது. மேலே அப்படியொரு முறை இல்லையென்றால் மொழிமாற்றியே பிடித்துவிடும். தமிழ்ப் பாட ஆசிரியர்கள் இந்த உதாரணத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, வாக்கு மீறல். இன்னொரு மாணவி 0 என்பதற்குப் பதிலாக "இலவசம்" என்று சொல்லாக எழுதினாள். மனிதருக்கு விளங்கும். கொண்டக்டரின் கூட்டல் அந்த இடத்தில் நின்றுவிட்டது: எண்ணோடு சொல்லை எப்படிக் கூட்டுவது? மீள வரையறுக்கலாம், ஆனால் பெற்றோர் வகுப்பு கொடுத்த வாக்கை மீறக்கூடாது. கட்டணம் என்று கேட்டால் எண் வரும் என்பதுதான் வாக்கு. பெற்றோர் நிற்கும் இடத்தில் பிள்ளையை நிறுத்தினாலும் வேலை நடக்கவேண்டும் என்ற இந்த விதியை அமெரிக்கப் பேராசிரியை பார்பரா லிஸ்கொவ் 1987 இல் ஒரு மாநாட்டு உரையில் எடுத்துவைத்தார். அவரும் பின்னர் டியூரிங் விருது பெற்றவர். "கணினி பொம்பிளப் பிள்ளைகளுக்குச் சரிவராது" என்று சொல்லும் பெரியவர்கள் அந்தப் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள்

"பரீட்சையில் வரைவிலக்கணம்தானே கேட்கிறார்கள்." கேட்கட்டும். பஸ்ஸை விளங்கிய பிள்ளை தன் சொல்லில் வரைவிலக்கணம் எழுதும். வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிய பிள்ளைக்குப் பஸ்ஸைக் கண்டால் முழி பிதுங்கும். பரீட்சை முடிந்த அடுத்த ஆண்டே பல்கலைக்கழகத்திலோ தொழினுட்ப நிறுவனத்திலோ ஜாவாவுக்கு முன்னால் உட்காரப்போவது இதே பிள்ளைதான்.

"இப்போது மரபுரிமையே பழசு, அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்." உண்மைதான். 1994 இல் வந்த டிசைன் பேட்டர்ன்ஸ் நூலே மரபுரிமையைவிடப் பொருள்களைச் சேர்த்து அமைப்பதை முதலில் யோசிக்கச் சொன்னது. கூகிளில் உருவான கோ மொழியில் வகுப்பு மரபுரிமை இல்லவே இல்லை. ஆனால் ஒன்றை எங்கே தவிர்க்கவேண்டும் என்று அறிய முதலில் அது விளங்கியிருக்க வேண்டும். சொத்து வசனம் எதைப் பயன்படுத்தவும் உதவாது, எதைத் தவிர்க்கவும் உதவாது.

"பாடசாலையில் கணினி போதாது." இதுவும் உண்மை. ஆனால் இருப்பவையும் பழுதாகிவிடும் என்ற பயத்தில் அறையைப் பூட்டிவைத்திருக்கிறோம். பாவித்துப் பழுதாகும் கணினியைவிடப் பாவிக்காமல் பழுதாகும் கணினிதான் எங்கள் ஊர்களில் அதிகம். அதுபோகட்டும், இந்தப் பஸ் உதாரணம் முழுவதும் இருபது வரிக்குள் முடியும். சாதாரண கைத்தொலைபேசியிலேயே பைதனை இயக்கலாம். அந்தப் போன் எல்லா வீட்டிலும் இருக்கிறது, டிக்டொக் பார்க்க.

ஆகவே கேட்பது இவ்வளவுதான்

டியூஷன் ஆசிரியர்களே, "தந்தையின் சொத்து" வசனத்தை உங்கள் நோட்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள். நாங்கள் எங்களுடையதைக் கிழித்துவிட்டோம். இருநூறு பிள்ளைகளுக்கு மைக்கில் வரைவிலக்கணம் சொல்வது படிப்பித்தல் ஆகாது. புரொஜெக்டரில் ஒரு தரம் இயக்கிக் காட்டுங்கள். இயக்குவதற்கு முன் "50ஆ 100ஆ?" என்று கையுயர்த்தச் சொல்லுங்கள். பிழையாகக் கையுயர்த்திய பிள்ளை அந்தப் பாடத்தை ஆயுளுக்கும் மறக்காது.

பெற்றோரே, பிள்ளையிடம் "எத்தனை பக்கம் நோட்ஸ் எழுதினாய்?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு எதை இயக்கிப் பார்த்தாய்? நீ நினைத்தது வந்ததா?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரியவேண்டியதில்லை. அந்த இரண்டு கேள்வி போதும்.

வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கும் பழைய மாணவர்களே, வளைவு கட்டவும் விழா எடுக்கவும் தாராளமாகத் தருகிறீர்கள், அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அடுத்த முறை கணினி அறையைச் சனிக்கிழமை திறந்துவைக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் தாருங்கள்.

காணியும் வீடும் பறிபோகும் என்பதை எங்கள் சமூகம் ஒரே பின்னேரத்தில் படித்தது. விளங்கிப் படித்த படிப்பை இரண்டு மணித்தியாலத்தில் யாரும் பறிக்க முடியாது என்பதையும் முகாமில் மரத்துக்குக் கீழ் படித்த எங்கள் தலைமுறை படித்தது. அந்தப் படிப்பையும் விளங்காத வசனமாக்கிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நாங்கள் விட்டுப்போவது என்ன?

கடைசியாக, வாசித்தவர்களுக்கு ஒரு வீட்டுவேலை. சிறுவர் வகுப்பின் கீழே மழலை என்று இன்னொரு வகுப்பு. அதற்குள் ஒரு முறையும் இல்லை. பைதனில் பாஸ் என்ற ஒரு சொல் மட்டும். பயணியின் கட்டணத்தை 140 ஆக்குங்கள். மழலையிடம் ரசீது கேளுங்கள். துண்டில் எவ்வளவு வரும்? ரசீது எந்த வகுப்பில் கிடைத்தது, கட்டணம் எந்த வகுப்பில் கிடைத்தது?

பதிலைக் கொமென்டில் எழுதுங்கள். முதலில் ஊகித்து, பிறகு இயக்கிப் பார்த்து, இரண்டையும் எழுதுங்கள். ஊகம் பிழைத்தவர்கள் வெட்கப்பட வேண்டாம். நாங்களும் முதல் தரம் பிழையாகத்தான் சொன்னோம்.